கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பு

அந்த அம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் அப்போது எங்கள் வீடு. பின்னேர நேரம். மேற்கு வெயில் கடலில் பட்டுத் தெறித்து முன்ஹோலுக்குள் கொட்டிக் கிடந்தது. எதையும் மறைக்க முடியாத வெளிச்சம்.

"வெளிச்சத்திலை பாப்பம், பிள்ளை" என்றார். பெருவிரலால் என் கண்ணுக்குக் கீழே இருந்த தோலை மெல்ல இழுத்தார். சந்தைக்குப் போகிறவர்கள் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பார்களே, அப்படி. அவர் விரலில் வெற்றிலை வாசம்.

"படத்திலை இந்தக் கறுப்பு இல்லையே?" என்று என் அம்மாவைக் கேட்டார்.

பலகாரத் தட்டோடு நின்ற அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "பிள்ளை படிப்பிக்கிறவ. வேலை கூட. நித்திரை காணாது" என்று சமாளித்தார்.

"நித்திரை காணாட்டி இப்பிடி வராது. பிள்ளைக்கு இருமல் கிருமல் இருக்கோ?"

வந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. மாப்பிள்ளை மலாயாவில் ரயில்வேயில் நல்ல உத்தியோகம். மலாயா மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் தாய்மாருக்குக் காது நீளும். அவரும் கூட வந்தவர்களும் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "பிள்ளைக்குக் கசம் இருக்குமோ எண்டு பயப்பிடுகினம்."

கசம் என்றால் சயரோகம். இன்று மருந்து இருக்கிறது. அன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிப் படலையைச் சாத்துவார்கள்.

படத்தில் ஏன் இல்லை?

அந்தப் படம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. படம்பிடிக்கிறவர் நல்ல மனிதர். என்னை ஸ்டூலில் இருத்தி, தலையை அப்படியும் இப்படியும் சரித்து, கறுப்புத் துணிக்குள் நுழைந்து வெளியே வந்து, "தங்கச்சி, கண்ணைக் கொஞ்சம் பெரிசாத் திறவுங்கோ" என்றார். நான் ஏற்கனவே பெரிதாகத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்த நாளில் படத்தை அச்சிடுவதற்கு முன் கண்ணாடித் தகட்டிலே கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டுத் திருத்துவார்கள். தகட்டில் வெளுப்பாகத் தெரியும் இடம் படத்தில் கறுப்பாக விழும். அங்கே பென்சில் பட்டால் கறுப்பு மறைந்துவிடும். யாரும் கேட்காமலே என் இரண்டு கண்ணுக்கும் கீழே அவர் அந்த வேலையைச் செய்திருந்தார். படத்தைப் பார்த்த அம்மா, "என்ர பிள்ளை எவ்வளவு வடிவு" என்று பூரித்துப் போனார். எனக்கு அது நானாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு சித்தியின் மகள் மாதிரி இருந்தது.

அந்தக் கறுப்பு எனக்குப் பிறவியிலேயே வந்தது. அப்பாவுக்கும் அப்படியே. அவர் தபால் கந்தோரில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நித்திரை கொண்டு எழும்பினாலும், இரண்டு கண்ணுக்குக் கீழும் யாரோ மை தொட்டு இழுத்துவிட்டது போல இருக்கும். கந்தோரில் துரை அவரைப் பார்க்கும் போதெல்லாம், லீவு எடுத்துக்கொள்ளும்படி சொல்வாராம். "என்ர முகத்தாலை எனக்கு எவ்வளவு லீவு கிடைச்சிருக்கு தெரியுமோ?" என்று அப்பா சிரிப்பார்.

தரகர் வந்து போன அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பகிடியைச் சொல்லவில்லை.

அம்மாவின் வைத்தியசாலை

அம்மா சும்மா இருக்கும் பெண் அல்ல. அடுத்த நாளே குசினியில் மருத்துவம் தொடங்கிவிட்டது.

முதலில் வெள்ளரிக்காய். வட்டமாக வெட்டி, கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் குளிர வைத்து, என்னை மல்லாத்திக் கிடத்திக் கண்ணில் வைப்பார். சுகமாக இருக்கும். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் வீக்கம் வற்றி முகம் தெளிவாகத் தெரியும். பிறகு கறுப்பு, வெளியே போய்விட்டுத் திரும்பிவந்த பூனை மாதிரித் தன் இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

அடுத்தது உருளைக்கிழங்குச் சாறு. அதற்கடுத்தது பாலாடை. சந்தனம் அரைத்துப் பூசினார். காய்ந்ததும் தோல் இழுபட்டு, சிரிக்க முடியாமல் நாள் முழுக்கக் கோபக்காரி போல இருந்தேன். தேத்தண்ணி வடித்த சாயத்தூளை வெள்ளைத் துணியில் முடிந்து, ஆறவிட்டுக் கண்ணில் வைத்தது மட்டும் உண்மையாகவே நன்றாக இருந்தது. இதை இன்றைக்கும் நான் விடவில்லை. கறுப்பு போவதற்காக அல்ல, களைப்புப் போவதற்காக.

பக்கத்து வீட்டில் மிஸிஸ் மேபல் என்று ஒரு பறங்கிப் பெண்மணி இருந்தார். மகள்மாரை நடனத்துக்கு அலங்கரித்து அனுப்பிப் பழக்கமுள்ளவர். அம்மா அவரிடம் மனம்விட்டு அழ, அவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்துவிட்டார். கோல்ட் கிரீம் பூசி, துடைத்து, வனிஷிங் கிரீம் பூசி, அதற்கு மேல் ரோஸ் நிறப் பவுடரை ஒற்றினார். அவருடைய மகள்மாரின் வெள்ளைத் தோலுக்கு வாங்கிய பவுடர் அது. என் மாநிறத்தில் சாம்பல் படிந்தது போல நின்றது.

கண்ணாடியைப் பார்த்தேன். அடுப்பில் சுட்ட கத்தரிக்காய் இரண்டு என்னைப் பார்த்தன.

"நோ, நோ, சைல்ட்" என்று மிஸிஸ் மேபலே தலையில் கைவைத்துக்கொண்டார். "உன் கலர் பவுடர் இந்தக் கொழும்பில ஒருத்தரும் விக்கிறல்ல."

அவர் சொன்னது சரி. எங்கள் நிறத்துக்கு என்று ஒரு பவுடர் அன்று எந்தக் கடையிலும் இல்லை. இன்று என் பேத்தியின் மேசையில் பார்க்கிறேன். விரல் நீளக் குப்பிகள், பல நிறத்தில், கண்ணின் கீழ்த்தோலுக்கு மட்டுமென்றே. ஊசிகூடப் போடுகிறார்களாம். நல்லது. போடட்டும். எங்களுக்கு இருந்தது வெள்ளரிக்காய்.

வெளுக்கும் களிம்பு

இதோடு அம்மா நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. யாரோ சொன்னார்கள் என்று புறக்கோட்டையிலிருந்து ஒரு வெளுக்கும் களிம்பு வருவித்தார். சின்னப் பீங்கான் டப்பி. மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் படம். மூடியைத் திறந்தால் மூக்கில் குத்தும் வாசம்.

முதல் கிழமை உண்மையாகவே வெளுத்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இரண்டாம் கிழமை எரிச்சல். அதற்குப் பிறகு ஒரு காலை எழும்பியபோது கண் இரண்டும் வீங்கி, தோல் உரிந்து, உரிந்த இடம் சிவந்து, அதைச் சுற்றி முன்பைவிடக் கறுப்பாக இருந்தது.

அந்த முகத்தோடு வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது? நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்குவேன். அங்கிருந்து ட்ராம். மிச்சம் நடை. என் வகுப்பில் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். கடைக்காரரின் பிள்ளைகள் இருந்தார்கள். முகத்துவாரத்திலிருந்து வெயிலுக்குள் நடந்தே வருகிற மீன்பிடிக்காரரின் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் யாருமே எழுத்தறியாத பிள்ளை என்னிடம் வந்து, வருட முடிவில் வாசகப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டுப் போகும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் கொழும்பு பெரிய ஊர் மாதிரித் தெரிந்தாலும், கதை ஓடுவதற்குச் சின்ன ஊர்தான். வெள்ளவத்தையில் தரகர் சொன்ன சொல் எனக்கு முன்பே கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீங்கிய கண்ணைக் கண்டதும் கதைக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. ஒருநாள் வகுப்பின் முன் வாங்கில் இரண்டு பிள்ளைகளின் இடம் காலி. அடுத்த நாள் இன்னும் இரண்டு. கடைசியில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பரமேஸ், தாய்மார் வந்து கதைக்கினம். எனக்கு உம்மிலை சந்தேகமில்லை. ஆனா நீர் ஒரு டொக்டரிட்டைக் காட்டிச் சுகம் எண்டு தெரியுமட்டும் வகுப்புக்கு வராமல் இருந்தால் நல்லது."

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, டீச்சர். இது என்ர கண்."

"எனக்கு விளங்குது. அவையளுக்கு விளங்க வேணுமே."

மலாயா மாப்பிள்ளை போனது எனக்கு ஒரு கவலையும் தரவில்லை. அந்த வகுப்பறை போய்விடுமோ என்றதும் வாய் கசந்தது.

டொக்டர் அன்னலட்சுமி

பள்ளிக்கூடம் இருந்த தெருவின் மற்ற முனையில் டொக்டர் அன்னலட்சுமியின் டிஸ்பென்சரி இருந்தது. பெண் டொக்டர்மார் அபூர்வமான காலம். குரல் கொஞ்சம் கடுமை. நோயாளிகள் பயப்படுவார்கள், ஆனாலும் அவரிடமே போவார்கள். நான் வீட்டுக்குப் போகும் வழியில் நேரே அங்கே நுழைந்தேன்.

நெஞ்சில் குழாயை வைத்தார். முதுகில் வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். இருமச் சொன்னார். நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மலாயாப் பெரியம்மா இழுத்த அதே இடம். ஆனால் இந்த விரல் வலிக்கவில்லை.

"நெஞ்சு மணி மாதிரி இருக்கு. உமக்கு ஆர் கசம் எண்டு சொன்னது?"

சொன்னேன். களிம்பையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அதை இண்டைக்கே குப்பையிலை போடும். பாதரசம் கலந்த சாமான். கண்ணுக்குக் கிட்டப் பூசிற புத்தியை உமக்கு ஆர் தந்தது?"

"அம்மா."

"அம்மாவை நான் பிறகு பாக்கிறன்." கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "இஞ்சை பாரும். கண்ணுக்குக் கீழை இருக்கிற தோல்தான் உடம்பிலையே மெல்லிசு. வெங்காயச் சருகு மாதிரி. உள்ளுக்கை ஓடுற ரத்தம் அதுக்குள்ளாலை நீலமாத் தெரியும். வீட்டிலை வேறை ஆருக்கு இப்பிடி இருக்கு?"

"அப்பாவுக்கு. அவற்ர தங்கச்சிமாருக்கும்."

"பிறகென்ன. பாதி அவர் தந்தது. மிச்சப் பாதி நீராத் தேடினது."

"நானோ? நான் என்ன செய்தனான்?"

"இப்ப என்ன செய்யிறீர்?"

பார்த்தேன். என் வலது கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல்!

"வந்து இருந்ததிலையிருந்து கசக்கிறீர். எப்பிடி வேலைக்கு வாறனீர்?"

"ரயிலிலை. ஜன்னல் பக்கம் இருந்து, கடலைப் பாத்துக்கொண்டு."

"எஞ்சினைப் பாத்தபடியோ?"

"ஓம்."

அவர் சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். எஞ்சினின் கரித்தூளும் கடலின் உப்புக்காற்றும் காலையும் பின்னேரமும் என் கண்ணில் விழுந்திருக்கின்றன. போதாததற்குக் கரும்பலகைச் சோக்குத்தூள். நான் கசக்கக் கசக்க மெல்லிய தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. அதோடு எனக்கு ரத்தமும் காணாது. முகம் வெளிறினால் கறுப்பு இன்னும் எடுத்துக் காட்டும்.

அவர் சொன்ன வைத்தியத்தில் வாசனையோ டப்பியோ இல்லை. எஞ்சினுக்கு முதுகு காட்டி இரு. கண் அரித்தால் கசக்காதே, குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்று. தலையணையைக் கொஞ்சம் உயர்த்து, காலை வீக்கம் குறையும். ஈரலும் கீரையும் சாப்பிடு. இரும்புச்சத்து டொனிக் ஒன்று தந்தார். துருப்பிடித்த வாளியைக் கழுவிய தண்ணீர் போல இருந்தது.

"இதெல்லாம் செய்தால் போயிடுமோ, டொக்டர்?"

"போகாது. குறையும். நான் பொய் சொல்ல மாட்டன். தகப்பன் தந்ததை நான் எடுக்கேலாது."

நான் எழும்பாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் என்ன?"

"என்ர வகுப்பு, டொக்டர். எனக்கு வருத்தமில்லை எண்டு நீங்கள் ஒரு துண்டு எழுதித் தந்தால்..."

"எழுதித் தாறன். பெரிய டீச்சர் வாசிப்பா. தாய்மார் வாசிப்பினமோ?" எழுந்து கதிரையை ஓரமாகத் தள்ளினார். "திங்கட்கிழமை வழக்கம் போலப் பள்ளிக்கூடம் வாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஒரு கோப்பை தண்ணீர்

திங்கட்கிழமை கழுவிய முகத்தோடு போனேன். பவுடர் இல்லை. உரிந்த தோல் ஆறத் தொடங்கியிருந்தது, ஆனால் பார்வைக்கு நன்றாக இல்லை. வாசலில் தாய்மார் சிலர் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நின்றார்கள். நான் போக வழி விட்டார்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் அகலமான வழி.

பெரிய டீச்சருக்கு டொக்டர் ஏற்கனவே சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னை மறிக்கவில்லை. நான் வகுப்பைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் கார்ச் சத்தம். டொக்டர் அன்னலட்சுமி இறங்கினார். அவர் கையைப் பிடித்தபடி அவருடைய ஒரே மகள், ரஞ்சி. நல்ல பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. புது உடுப்பு, இரட்டைப் பின்னல்.

டொக்டர் நேரே என் வகுப்புக்குள் வந்தார். பின்னாலேயே தாய்மார் வந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

"இந்தத் தவணை இவள் இஞ்சைதான் படிப்பாள்" என்றார், எல்லோருக்கும் கேட்க. "ரஞ்சி, இவதான் உன்ர டீச்சர். முன் வாங்கிலை போய் இரு."

பிள்ளை போய், காலியாகக் கிடந்த வாங்கில், என் மேசைக்கு மிகக் கிட்ட, உட்கார்ந்தது.

பிறகு டொக்டர் நெற்றியைத் துடைத்தார். "என்ன வெக்கை. டீச்சர், குடிக்கத் தண்ணி இருக்கோ?"

மேசையில் என் கோப்பை இருந்தது. பாதி குடித்த தண்ணீர். நான் எச்சில் பண்ணியது. "பொறுங்கோ, டொக்டர், வேறை எடுத்து..." என்று எழுந்தேன்.

"இது காணும்."

என் கோப்பையை எடுத்தார். அண்ணாந்து ஊற்றவில்லை. நான் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பினார்.

"கசம் உள்ள ஆளின்ர கோப்பையிலை நான் குடிப்பனோ? என்ர பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவனோ? இனி ஆருக்கும் சந்தேகம் இருந்தால் என்ர டிஸ்பென்சரிக்கு வாங்கோ, கதைப்பம்."

முகத்துவாரத்திலிருந்து வரும் ஒரு தாய் முதலில், தன் மகளின் கையை விட்டு, அவள் முதுகில் லேசாகத் தட்டி உள்ளே அனுப்பினாள். பிறகு அடுத்தவள். அந்த வாரம் முடிவதற்குள் என் வகுப்பில் காலியிடம் இல்லை.

எத்தனையோ மேடைகளில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஆனா ஆவன்னா எழுதப் பழகியவர்கள் பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள். அந்த ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஈடாக ஒரு மரியாதையும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ரஞ்சி சொன்னபடி ஒரு தவணை படித்தாள். தவணை முடிந்ததும் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று அழுதாள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

அப்பா எங்கே?

ரயிலில் இடம் மாறினேன். டொனிக் குடித்தேன். கையைக் கட்டுப்படுத்தப் பழகினேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சில மாதத்தில் கறுப்பு ஒரு பங்கு குறைந்தது. மிச்சம் அப்படியே நின்றது. அம்மா குசினி வைத்தியத்தைக் கைவிட்டார். டொக்டர் அவரைச் சொன்னபடியே பார்த்துவிட்டார். என்ன சொன்னார் என்று அம்மா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் எனக்குச் சங்கடமாக இருந்தது அப்பாதான். யாராவது என்னைப் பார்க்க வருகிறார்கள் என்றால், ஏதாவது சாட்டுச் சொல்லிப் பின்வளவுக்குப் போய்விடுவார். ஒருநாள் அம்மாவிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: "நான் முன்னுக்கு இருந்தால், பிள்ளையின்ர முகத்தை இன்னும் உத்துப் பாப்பினம், இல்லையே?"

அடுத்த வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகக் கந்தோரில் வேலை. கொட்டாஞ்சேனையில் வாசம். அவரும் தாயாரும் வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு போய் நேரே கதிரையில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் எந்த வகுப்புக்குப் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் குழப்படியோ என்றெல்லாம் கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்த மறந்து, என் வகுப்பின் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

தாயார் என்னை உற்றுப் பார்த்தார். குரலில் குத்தல் இல்லை. "பிள்ளைக்கு வேலை கூடவோ? கண் களைச்சுப் போயிருக்கு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"களைப்பில்லை, மாமி. இது அப்பாவின்ர கண்."

"அப்பிடியோ? அப்பா எங்கை?"

நான் எழுந்து பின்வளவுக்குப் போனேன். அப்பா கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் விடுகிற சாட்டில் நின்றார். வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"வாங்கோ, அப்பா."

"நான் எதுக்கு, பிள்ளை? நீங்கள் கதையுங்கோ."

"உங்களைத்தான் கேக்கினம்."

ஈரக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். ஹோலில் என் பக்கத்துக் கதிரையில் இருத்தி, நானும் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் தாயார் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அச்சு ஒண்டுதான்! அப்பிடியே உங்களை உரிச்சு வைச்சிருக்கு, ஐயா."

அப்பா வேட்டித் தலைப்பால் கையைத் துடைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முதுகு நிமிர்ந்தது.

"ஓம்" என்றார். "என்ர மகள்."